கல்லாவுக்குப் பின்னால் ஒரு சின்னத் துப்பாக்கி: ஆறு மாடல்கள், ஒரு அலசல்

சின்னக் காலிபர், அதாவது குண்டின் விட்டம் குறைந்த கைத்துப்பாக்கி என்று பேச்செடுத்தாலே "இது ஆளைச் சாய்க்குமா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். கல்லாவில் உட்காருபவருக்கு அது மூன்றாவது கேள்வியாக இருக்க வேண்டும். விசையை இழுத்ததும் வெடிக்குமா என்பது முதல் கேள்வி. நடுங்கும் கையால், தேவைப்பட்டால் ஒற்றைக் கையால், குனிந்து பார்க்காமல் அதை இயக்க முடியுமா என்பது இரண்டாவது. இந்த இரண்டிலும் தேறாத துப்பாக்கி எவ்வளவு பெரிய குண்டைத் தள்ளினாலும் கடைக்கு உதவாது.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். பணத்தைக் காப்பாற்றத் துப்பாக்கி வேண்டாம். எதிரில் நிற்பவன் ஏற்கெனவே ஆயுதத்தை நீட்டிவிட்டான் என்றால், உங்கள் கை மேசைக்கடியில் போய், பிடியைப் பற்றி, வெளியே எடுத்து, நீட்டுவதற்கு நன்றாகப் பழகியவருக்கே ஒன்றரை நொடி ஆகும். அவனுக்கு விரலை மடக்கினால் போதும். கல்லாவைத் திறந்து கொடுத்துவிடுங்கள். பணம் கைக்கு வந்த பிறகும் போகாமல் உங்களைப் பின்னறைக்கு நடக்கச் சொல்கிறவன், கேட்டதைக் கொடுத்த பிறகும் கத்தியோடு கவுன்டரைத் தாண்டுகிறவன், பணமே கேட்காமல் நேராகத் தாக்க வருகிறவன்: இந்த மூன்று பேருக்காகத்தான் துப்பாக்கி. மூன்றிலும் தூரம் இரண்டு மூன்று மீட்டர்தான். சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர் 1983-ல் எழுதியதை இங்கே நினைவில் வைப்பது நல்லது: 21 அடி, அதாவது 6.4 மீட்டர் தூரத்தைக் கத்தியோடு ஓடி வருகிறவன் சுமார் ஒன்றரை நொடியில் கடந்துவிடுகிறான். கடையில் உங்களுக்கு அதில் பாதித் தூரம்கூடக் கிடையாது. உங்களுக்கு நேரம் வாங்கித் தருவது நடுவில் நிற்கும் கவுன்டர் மட்டும்தான். அதனால் கவுன்டரின் பக்கவாட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவது, எந்த மாடல் வாங்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டிய வேலை.

தோட்டாவிலிருந்து தொடங்கலாம்

.22 எல்.ஆர். (லாங் ரைஃபிள்) தோட்டா 1887-ல் வந்தது. வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். நீளமான ரைஃபிள் குழலில் நொடிக்கு 370, 380 மீட்டர் வேகம் எடுக்கும் அதே தோட்டா, இரண்டு அங்குலக் கைத்துப்பாக்கிக் குழலில் 280 மீட்டர் பக்கம் இறங்கிவிடும். உதை ஏறக்குறைய இல்லை. விலை குறைவு என்பதால் நிறையப் பழகலாம். குறை ஒன்றே ஒன்று, ஆனால் பெரிய குறை: இது ரிம்ஃபயர். வெடிக்கவைக்கும் மருந்து (பிரைமர்) நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்காது. பித்தளைக் கூட்டின் அடி விளிம்புக்குள் ஈரக் கலவையாகச் சுழற்றிப் பரப்பி உலர்த்தியிருப்பார்கள். அந்த வட்டத்தில் ஓரிடம் காலியாக விட்டுப்போய், தோட்டாவை அடிக்கும் ஊசியான பயரிங் பின் சரியாக அங்கேயே அடித்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான் வரும். வெடிக்காத தோட்டாவை எடுத்துச் சற்றுத் திருப்பிப் போட்டு அடித்தால் பெரும்பாலும் வெடித்துவிடுவதற்குக் காரணம் இதுதான். நல்ல கம்பெனித் தோட்டாவிலும் இது நடக்கும். மொத்தமாகக் கொட்டி விற்கும் மலிவுத் தோட்டாவில் அடிக்கடி நடக்கும்.

.25 ஏ.சி.பி. (ஆட்டோமேட்டிக் கோல்ட் பிஸ்டல்) தோட்டாவைத் துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரௌனிங் 1905-ல் உருவாக்கியதே இந்தக் குறையைத் தீர்க்கத்தான். சின்னக் குழலில் .22 தரும் பலத்தையே தரும். மருந்து நடுவில் இருக்கும் சென்டர்ஃபயர் என்பதால் நம்பி அடிக்கலாம். ஆனால் இன்று இதற்குப் புதுத் துப்பாக்கிகள் குறைவு, தோட்டா விலையும் அதிகம். ஏற்கெனவே கையில் இருந்தால் விற்க வேண்டாம். தேடிப் போய் வாங்கவும் வேண்டாம்.

.32 ஏ.சி.பி. 1899-லிருந்தே இருக்கிறது. 71 கிரெயின் குண்டு, நொடிக்கு 275 மீட்டர் அளவில் வேகம். உதைக்கும் பலத்துக்கும் நடுவில் நல்ல சமரசம். .380 ஏ.சி.பி. 1908-ல் கோல்ட் கம்பெனியோடு வந்தது; 95 கிரெயின். பலம் கூடும். ஆனால் 300 கிராம்கூட இல்லாத பாக்கெட் பிஸ்டலில் இதைச் சுட்டால் உள்ளங்கை எரியும். பத்துத் தோட்டாவுக்குப் பிறகு பழக மனம் வராது. பழகாத துப்பாக்கி பெட்டியில் கிடக்கும் இரும்புதான்.

குண்டின் வடிவம் பற்றிக் கடைகளில் தவறாகவே சொல்லித் தருகிறார்கள். அமெரிக்க எஃப்.பி.ஐ. 1986-ல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பிறகு வகுத்த சோதனையில், 10 சதவீத ஜெலட்டின் கட்டியில் குண்டு 12 முதல் 18 அங்குலம், அதாவது 30 முதல் 46 சென்டிமீட்டர் போக வேண்டும் என்று வைத்தார்கள். .22, .25, .32 மூன்றிலும் முனையில் குழி உள்ள, விரியும் ஹாலோ பாயின்ட் குண்டு போட்டால், ஒன்று அது விரியவே விரியாது, அல்லது விரிந்து பாதித் தூரத்திலேயே நின்றுவிடும். தடிமனான துணியைத் துளைத்தால் வாயில் துணி அடைத்துக்கொண்டு விரியாமலே போகும். எனவே இந்த மூன்றுக்கும் திடக் குண்டுதான் சரி. .22-ல் 40 கிரெயின் தாமிரப் பூச்சு உருண்டை முனை; .32-ல் முழு உறைக் குண்டு. சின்னக் குழலுக்கென்றே வந்த ஃபெடரல் பஞ்ச், 29 கிரெயின் தட்டை முனையோடு .22-ல் நல்ல மாற்று.

.32-க்கு இன்னொரு காரணமும் உண்டு. அதன் கூட்டின் அடியில் லேசாக விளிம்பு துருத்தி நிற்கும். ஹாலோ பாயின்ட் தோட்டா நீளம் குறைவு. தோட்டாக்களை அடுக்கும் மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆடும். ஆடும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் மேகசின் பூட்டிக்கொள்ளும். தட்டினாலும் இழுத்தாலும் வராது. மேகசினை உருவி, தோட்டாக்களைக் குச்சியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். முழு நீளத் தோட்டா போட்டால் இந்தத் தொல்லை வருவதில்லை.

மாடல்கள்

ரூகர் எல்.சி.ஆர்., .22. எட்டுத் தோட்டா, 1.87 அங்குலக் குழல், எடை சுமார் 420 கிராம். சுத்தியல் உடலுக்குள் மறைந்திருப்பதால் சட்டையிலோ திரைச்சீலையிலோ மாட்டாது. வெளியே பூட்டு, நெம்பு எதுவும் இல்லை. எடுத்து இழுத்தால் வேலை முடிந்தது. இந்த ஆறில் கடைக்கு முதலிடம் இதற்குத்தான். காரணம் தோட்டா இல்லை, ரிவால்வர் என்ற அமைப்பு. வெடிக்காத தோட்டா வந்தால் மறுபடி விசையை இழுங்கள். தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். இடது கை ஒருவனைத் தள்ளிக்கொண்டிருந்தாலும் இது நடக்கும். ரிம்ஃபயரின் பெரிய குறையை ஒரு விரல் அசைவு சரிக்கட்டிவிடுகிறது.

விசை கனம்தான் இதில் முறையிட வேண்டிய இடம். ரிம்ஃபயர் விளிம்பை நசுக்கி வெடிக்கவைக்க அதிக அடி வேண்டும் என்பதால், .22 ரிவால்வர்களின் விசை அதே கம்பெனியின் .38-ஐவிடக் கனமாகவே வரும். மூட்டுவலி உள்ள விரலுக்கு இது சோதனை. வாங்கும் முன் கடையிலேயே அனுமதி கேட்டு, மருந்தில்லாத டம்மித் தோட்டா போட்டு, எட்டு முறை தொடர்ந்து இழுத்துப் பாருங்கள். ஆறாவது முறையில் முனை கீழே சாய ஆரம்பித்தால் இது உங்களுக்கான துப்பாக்கி இல்லை. ஸ்பிரிங்கை லேசாக்கித் தருகிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். விசை இலகுவாகும், கூடவே வெடிக்காத தோட்டாக்களும் பெருகும்.

இதில் அடுத்த தொல்லை அழுக்கு. .22 குண்டில் மெழுகோ எண்ணெய்ப் பூச்சோ இருக்கும். நாற்பது ஐம்பது தோட்டா சுட்டதும் சிலிண்டர் அறைகளுக்குள் கரியும் மெழுகும் படிந்து, புதுத் தோட்டா கடைசி அரை மில்லிமீட்டர் உள்ளே போகாமல் நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலால் ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் அழுத்திப் பார்த்தால் ஒன்று மட்டும் மெல்ல உள்ளே நகர்வது தெரியும். அப்படி அழுத்தாமல் மூடிவிட்டால், பயரிங் பின்னின் அடி தோட்டாவை உள்ளே தள்ளுவதிலேயே செலவாகிவிடும், விளிம்பு நசுங்காது, வெடிக்காது. "தோட்டா மோசம்" என்று திட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு உண்மையான காரணம் இதுதான். பழகி முடித்ததும் எட்டு அறைகளையும் பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத்தான் காவலுக்கான தோட்டாவைப் போட வேண்டும்.

ஸ்மித் அண்ட் வெஸன் 642, .38 ஸ்பெஷல். ஐந்து தோட்டா, 400 கிராம் சொச்சம். காலிபரில் இது 'சின்னது' என்ற வரிசையின் விளிம்பில் நிற்கிறது. ஆனால் 148 கிரெயின் வாட்கட்டர் போட்டால் உதை அடங்கி, கை தாங்கும் அளவுக்கு வந்துவிடும். வாட்கட்டர் முன்பக்கம் தட்டையான உருளை. விரிய வேண்டிய அவசியமே இல்லாமல் தேவையான ஆழத்துக்குப் போகும். தட்டை முகம் என்பதால் அவசரத்தில் அறைக்குள் நுழைப்பது கடினம். மறு நிரப்புக்கு உருண்டை முனைத் தோட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். சென்டர்ஃபயர் என்பதால் நம்பகத்தில் இந்த ஆறில் இதுவே முதல். கை தாங்குமென்றால் எல்.சி.ஆரை விட்டு இதையே எடுக்கலாம்.

எடை குறைந்த .38-ல் ஒரு சூட்சுமம்: பலமான தோட்டாவைச் சுடும்போது, மற்ற அறைகளில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு உதையால் கூட்டிலிருந்து முன்னால் நகர்ந்து வரும். சிலிண்டரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது. சோதிப்பது சுலபம். ஐந்து போட்டு நான்கு சுடுங்கள். ஐந்தாவதை எடுத்து, சுடாத புதுத் தோட்டாவோடு பக்கத்தில் வைத்து நீளம் பாருங்கள். நீண்டிருந்தால் அந்தத் தோட்டா வகை அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

பெரெட்டா 21ஏ பாப்கேட், .22. ஏழு தோட்டா மேகசின், 2.4 அங்குலக் குழல், 330 கிராம் பக்கம். ஒரு நெம்பைத் தள்ளினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும். முதல் தோட்டாவை நேராகக் குழலுக்குள் வைத்து அமுக்கி மூடலாம். பிஸ்டலின் மேலே நகரும் பகுதியான ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கக் கைப் பலம் இல்லாதவர்களுக்கு இது வரப்பிரசாதம். ஏற்றி வைத்த சுத்தியலை இறக்குவதற்கும் இதுவே பாதுகாப்பான வழி: முதலில் குழலைத் தூக்குங்கள், பிறகு சுத்தியலை இறக்குங்கள், அப்புறம் குழலை மூடுங்கள். குழலை மூடியபடியே கட்டைவிரலால் இறக்குகிறவர்கள் விரல் வழுக்கிச் சுட்டுவிடுகிறார்கள்.

ஆனால் இந்த அழகான அமைப்புக்குக் கொடுத்த விலை பெரியது. இதில் கூட்டைப் பிடித்து இழுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டர் கிடையாது. சுட்ட கூட்டை வாயு அழுத்தமே பின்னால் தள்ளி வெளியேற்றுகிறது. வெடிக்காத தோட்டாவில் வாயு ஏது? ஸ்லைடை எத்தனை முறை இழுத்தாலும் அது குழலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். குழலைத் தூக்கி, நகத்தால் நெம்பி எடுக்க வேண்டும். டபுள் ஆக்‌ஷன் என்பதால், அதாவது விசையை இழுப்பதே சுத்தியலையும் ஏற்றும் என்பதால், மறுபடி ஒரு அடி அடிக்கலாம். ஆனால் பின் அதே இடத்தில்தான் விழும். ரிம்ஃபயர் தோட்டாவையும் எக்ஸ்ட்ராக்டர் இல்லாத பிஸ்டலையும் ஒன்றாகச் சேர்ப்பது கடைக்காரருக்குச் சரிப்படாது. பழக, கற்றுக்கொள்ள அருமையான துப்பாக்கி, கல்லாவுக்கு வேண்டாம்.

ரூகர் எல்.சி.பி. II, .22. 2020-ல் வந்தது, பத்துத் தோட்டா மேகசின். ஸ்லைடை இழுப்பது மிக இலகு, பிடித்து இழுக்கப் பின்பக்கம் காதுபோல மேடும் உண்டு. சுட இனிமை. ஆனால் ஒரு முறை அடித்து வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்துப் பயனில்லை. மேகசின் அடியைத் தட்டி, ஸ்லைடை முழுக்க இழுத்துவிட வேண்டும். இரண்டு கையும் வேண்டும். கையால் இயக்கும் பாதுகாப்பு நெம்பும் இருக்கிறது. அதை விலக்க மறக்கும் விரலுக்கு அது இன்னொரு தடை. ரிவால்வர் விசையை இழுக்கவே முடியாத கைக்கு மட்டும் இதைச் சொல்வேன், அதுவும் தட்டி இழுக்கும் பழக்கம் நூறு முறை கையில் ஏறிய பிறகு.

வால்தர் பி.பி.கே., .32. 1931-லிருந்து தயாராகும் இரும்பு. அரைக் கிலோவுக்குச் சற்று மேல். குழல் அசையாமல் உடலோடு இருப்பதால் குறி தப்பாது. எடை உதையை விழுங்கிவிடும். ஏழு தோட்டா. ஸ்லைடின் நெம்பைக் கீழே தள்ளினால் சுத்தியல் பத்திரமாக இறங்கும். சதைப்பற்றுள்ள கையாக இருந்தால் ஸ்லைடு பின்னால் வரும்போது கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் உள்ள தோலைக் கிழிக்கும். ஸ்லைடு ஸ்பிரிங் கடினம். பிஸ்டல்தான் வேண்டும் என்று நிற்பவருக்கு, .32-ல் முழு உறைத் தோட்டாவோடு, இதுவே என் தேர்வு.

ரூகர் எல்.சி.பி., .380. 2008-ல் வந்து பாக்கெட் பிஸ்டல் சந்தையையே மாற்றியது; 270 கிராம், ஆறு தோட்டா. நாள் முழுக்கச் சுமக்க எளிது. பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்தால் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகாது. காலிக் கூடு வெளியேறும் திறப்பிலேயே செங்குத்தாகக் குத்திக்கொண்டு நிற்கும். இது துப்பாக்கியின் குற்றமில்லை, எடை குறைந்ததன் விளைவு. நன்றாகப் பழகியவருக்கு மட்டும்.

கடைக்குள் வைப்பது எங்கே

மாடலைத் தேர்ந்தெடுப்பதைவிட இது கடினம். கல்லாப்பெட்டிக்குள்ளோ அதற்கு நேர் கீழேயோ வைப்பதுதான் பலரும் செய்வது. அதுதான் இருப்பதிலேயே மோசமான இடமும். கல்லா திறக்கும் இடத்தில்தான் கொள்ளைக்காரனின் கண்ணும் கையும் முதலில் இருக்கும். அவன் எட்டிப் பார்த்தாலே தெரியும். வேலைக்கு வரும் பையன், சில்லறை எடுக்க வரும் மனைவி, விடுமுறையில் கடைக்கு வரும் குழந்தை என்று எல்லார் கையும் போகும் இடமும் அதுவே.

உரிமம் இடம்கொடுத்தால் உடலோடு அணிவதே பாதுகாப்பு: விசைக்காப்பு முழுவதையும் மூடும் கெட்டியான உறை. பாக்கெட்டில் என்றால் அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் கூடாது. சாவியோ பேனாவோ விசைக்குள் நுழைந்தால் போதும். உறை இல்லாமல் இடுப்பில் செருகுவது ஒருபோதும் கூடாது.

அணிய முடியாதவர்களுக்கு, சிறிய எஃகுப் பெட்டி. கவுன்டர் மேசையின் உட்பக்கச் சுவரில், நீங்கள் நிற்கும் இடத்தில் கல்லாவுக்கு எதிர்ப்பக்கமாக, இடுப்பு உயரத்தில் பொருத்துங்கள். நான்கு போல்ட்டுகளைப் பெட்டிக்குள்ளிருந்து வெளிப்பக்கமாக விட்டு, மறுபக்கம் அகலமான வாஷர் போட்டு இறுக்க வேண்டும். மர ஸ்க்ரூவில் மாட்டிய பெட்டியை ஒரு கடப்பாரை அரை நிமிடத்தில் பெயர்த்துவிடும். பூட்டு வகையில் விரல்ரேகையைக் கடைக்குப் பரிந்துரைக்கமாட்டேன். மாவு, எண்ணெய், சிமென்ட் தூசி, ஈரம் என்று கடைக்காரர் விரல் எப்போதும் எதையாவது பூசிக்கொண்டிருக்கும். வேண்டிய நேரத்தில் அது சிவப்பு விளக்கைத்தான் காட்டும். பேட்டரி இல்லாத, ஐந்து பொத்தான் இயந்திரப் பூட்டு மேல். இருட்டிலும் தடவியே திறக்கலாம். மின்னணுப் பூட்டு வாங்கிவிட்டால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேட்டரியை மாற்றுங்கள். தீர்ந்த பிறகு மாற்றலாம் என்று விட்டுவைத்தால் அது கசிந்து முனையை அரித்துவிடும். மாற்றுச் சாவியைக் கல்லாவில் போட்டு வைக்காதீர்கள்.

கடை சாத்தும்போது இந்தப் பெட்டியில் துப்பாக்கியை விட்டுப்போகக் கூடாது. இந்தச் சின்னப் பெட்டிகள் குழந்தைகளையும் அவசரத் திருடனையும் தடுக்கத்தான். இரவு முழுக்க நேரம் உள்ளவனைத் தடுக்கா. தரையோடு பிணைத்த பெரிய இரும்புப் பெட்டிக்கோ, உரிமம் அனுமதித்தால் வீட்டுக்கோ போக வேண்டும். கடையில் வைக்க ஒரு அனுமதி, எடுத்துச்செல்ல வேறொரு அனுமதி என்று பல நாடுகளின் சட்டம் பிரித்தே வைத்திருக்கிறது. உங்கள் பெயரில் உள்ள உரிமம் உங்கள் ஊழியருக்குச் செல்லும் என்று எண்ணிவிடாதீர்கள். கடை வாடகை ஒப்பந்தத்தையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். ஆயுதம் பற்றிய விலக்கு பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில் இருக்கும்.

தேறியதா என்று எப்படித் தெரியும்

புதுத் துப்பாக்கியைக் காவலுக்கு வைப்பதற்கு முன் குறைந்தது 200 தோட்டா சுட வேண்டும். அதில் கடைசி 50, நீங்கள் காவலுக்கு வைக்கப் போகும் அதே வகை, அதே கம்பெனி. அந்த ஐம்பதில் ஒரு முறைகூடத் தடங்கல் வரக் கூடாது. வந்தால் தோட்டாவை மாற்றி மறுபடி ஐம்பது. ரிம்ஃபயரில் ஐம்பதுக்கு ஒன்று வெடிக்காமல் போவதை ரிவால்வரில் மட்டும் பொறுத்துக்கொள்ளலாம்.

காவலுக்கான .22 தோட்டாக்களைப் பெட்டியிலிருந்து அப்படியே எடுத்துப் போடாதீர்கள். வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அடி விளிம்பில் நெளிவு இருந்தால் ஒதுக்குங்கள். குண்டைக் கட்டைவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து லேசாகத் திருப்பிப் பாருங்கள். சுழன்றால் அதையும் ஒதுக்குங்கள். .22-ல் குண்டு கூட்டின் வெளி அளவிலேயே இருப்பதால் கூடு அதைப் பிடித்திருக்கும் பிடி மெல்லியது. ஒதுக்கியதைப் பழகுவதற்கும் பயன்படுத்த வேண்டாம். பிரைமர் பகுதிக்கு எதிரி எண்ணெய். சுத்தம் செய்த கையோடு, எண்ணெய் வழியும் அறையில் தோட்டாவைப் போட்டு மாதக்கணக்கில் விட்டால் மருந்து செத்துவிடும். அறைகளை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டே நிரப்புங்கள். ஈரக் காற்றும் உப்பும் உள்ள கடையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காவல் தோட்டாவைப் பழகுவதில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதிது போடுங்கள்.

'டிக்' என்றதும் உடனே சிலிண்டரைத் திறக்காதீர்கள். பயிற்சித் திடலில் முனையைப் பாதுகாப்பான திசையில் வைத்து முப்பது நொடி காத்திருங்கள். மருந்து தாமதமாகப் பற்றுவது அரிது என்றாலும் நடக்கும். சத்தம் வழக்கத்தைவிட மெலிந்து 'புஸ்' என்று வந்தால் அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலிலேயே சிக்கியிருக்கலாம்; தோட்டாக்களை எடுத்துவிட்டு, குழலுக்குள் குச்சி விட்டுப் பாருங்கள். சின்னக் காலிபர் என்று காதுக்கவசம் போடாமல் விடுவதும் தவறு. குட்டைக் குழல் .22-கூட 140 டெசிபலைத் தாண்டும். சுவர்கள் சூழ்ந்த கடைக்குள் இன்னும் மோசம்.

கவுன்டருக்குப் பின்னால் நின்று பழகும்போது கையை முழுக்க நீட்டிப் பழகாதீர்கள். மேசை அகலம் ஒரு மீட்டர்கூட இருக்காது. நீட்டிய துப்பாக்கி அவன் கைக்கு எட்டும். ரிவால்வரின் சிலிண்டரை இறுக்கிப் பிடித்துவிட்டால் அது சுழலாது. பிஸ்டலின் முனையை உடலில் அழுத்தினால் ஸ்லைடு சற்றுப் பின்னால் போய்ச் சுடாமல் நிற்கும். முழங்கையை விலாவோடு ஒட்டி, ஒரு அடி பின்னால் நகர்ந்து நிற்கும் நிலையைப் பழகுங்கள். கடையில் ஆள் இல்லாத நேரத்தில், தோட்டா இல்லாமல், நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வாசலைப் பாருங்கள்: பின்னால் கண்ணாடியா, தெருவா, பக்கத்துக் கடையின் மெல்லிய தடுப்பா? .22 தோட்டாப் பெட்டியில் ஒன்றரை மைல்வரை அபாயம் என்று அச்சடித்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்துப் பரப்பிய நான்கு பாதுகாப்பு விதிகளில் நான்காவது இதுதான்: இலக்கையும் அதற்குப் பின்னால் உள்ளதையும் அறிந்துகொள். எந்தக் கோணத்தில் சுடவே முடியாது என்பதை இப்போதே முடிவு செய்துவிட வேண்டும். எச்சரிக்கைச் சுடுதல் கடைக்குள் கூடாது. மேலே போகிற குண்டும் ஓரிடத்தில் இறங்கத்தான் செய்யும்.

பழைய ரிவால்வர் வாங்குவதென்றால்

விலைக்காகப் பழையதைப் பார்க்கிறவர்கள் அதிகம். ரிவால்வரில் அது நல்ல முடிவாகவும் இருக்கும். காலி என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டபின், சிலிண்டரை மூடி முன்னும் பின்னும் ஆட்டுங்கள்; ஆட்டம் லேசாக உணரலாம், 'டக் டக்' என்று கேட்கக் கூடாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே வெளிச்சத்தில் தெரியும் இடுக்கு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால் வேண்டாம். விசையை மிக மெதுவாக இழுங்கள். சுத்தியல் விடுபடுவதற்கு முன்பே சிலிண்டரின் பூட்டு 'கிளிக்' என்று விழ வேண்டும். எல்லா அறைக்கும் தனித்தனியாகப் பாருங்கள், ஒரே ஒரு அறை பிந்தினாலும் அந்த அறையில் குண்டு ஈயத்தைச் செதுக்கிப் பக்கவாட்டில் துப்பும். சிலிண்டரிலிருந்து கூடுகளைத் தள்ளும் எக்ஸ்ட்ராக்டர் நட்சத்திரத்தைத் தூக்கி அடியில் கருகாத மருந்துத் துகள் இருக்கிறதா பாருங்கள். ஒரு துகள் போதும் சிலிண்டர் இறுக. கடைசியாக .22-க்கு மட்டும்: அறைகளின் பின்விளிம்பில், பயரிங் பின் விழும் இடத்தில், பள்ளம் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தோட்டா இல்லாமல் வருடக்கணக்கில் இழுத்து விளையாடிய துப்பாக்கியில் அந்தப் பள்ளம் இருக்கும். அதன் உதடு அறைக்குள் துருத்தி, தோட்டா நுழையாமலும் சுட்ட கூடு வெளியே வராமலும் செய்யும். அப்படிப்பட்டதை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். நல்லதாகக் கிடைத்தால், கூடவே பத்து டம்மித் தோட்டாவும் வாங்கிக்கொள்ளுங்கள்.